கால் விரலைக் கைக்கு மாற்றும் அறுவை சிகிச்சை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பவர் பிரஸ், கரும்பு ஜூஸ் மெஷின், கதிரடிக்கும் இயந்திரம், பட்டாசு. கை விரல் போவதற்கு நம் ஊரில் இப்படிப் பல வழிகள். விரலை இழந்தவர்களும் அவர்கள் வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை, கேட்ட வார்த்தையிலேயே இங்கே சேர்த்திருக்கிறோம். முதலில் எளியவை, போகப் போகச் சிக்கலானவை.

கால் விரலை எடுத்துக் கையில வைப்பாங்களாமே, நிஜமாவே ஒட்டுமா?

வைப்பார்கள், உயிரோடும் இருக்கும். "ஒட்டுவது" என்ற சொல்தான் கொஞ்சம் ஏமாற்றும். விரலை அதன் எலும்பு, தசைநாண் (தசையை எலும்போடு சேர்க்கும் நார்), தமனி (இரத்தத்தைக் கொண்டுவரும் குழாய்), சிரை (திருப்பிக் கொண்டுபோகும் குழாய்), நரம்பு, தோல், நகம் எல்லாவற்றோடும் பாதத்திலிருந்து பிரித்தெடுத்து, கையில் இருக்கும் அதே வகை உறுப்புகளோடு ஒவ்வொன்றாக இணைக்கிறார்கள். தமனியில் இரத்தம் ஓடத் தொடங்கியதும் வெளுத்துக் கிடந்த விரல் சில நிமிடங்களில் சிவந்துவிடும். தொடர்ந்து இதைச் செய்யும் மருத்துவமனைகளில் மாற்றிய விரல்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் பிழைக்கின்றன.

சொந்த உடம்பின் பாகம் என்பதால் உடம்பு அதை வெளியாளாக நினைத்து எதிர்க்காது. சிறுநீரகம் மாற்றியவர்களைப் போல வாழ்நாள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டியதில்லை.

நரம்பை எல்லாம் திரும்ப சேர்த்துடுவாங்களா?

பேச்சுவழக்கில் மூன்று வேறு பொருட்களை நாம் "நரம்பு" என்கிறோம். மணிக்கட்டில் பச்சையாகத் தெரிவது சிரை, அதாவது இரத்தக் குழாய். விரலை மடக்கினால் கயிறு போலப் புடைப்பது தசைநாண். தொட்டால் தெரிவதற்குக் காரணமானதுதான் உண்மையான நரம்பு. இந்த அறுவை சிகிச்சையில் மூன்றையும் சேர்க்கிறார்கள். ஆனால் பலன் ஒரே நேரத்தில் வராது. இரத்த ஓட்டம் மேசையிலேயே வந்துவிடும், அசைவுக்கு வாரங்கள் ஆகும், உணர்ச்சிக்கு மாதங்கள் ஆகும். இந்த வேறுபாடு புரியாமல் பத்தாம் நாளே "விரல் மரத்துப்போய்க் கிடக்கு, ஆபரேஷன் ஃபெயில்" என்று பயப்படுகிறவர்கள் ஏராளம்.

அறுந்து விழுந்த விரலையே திருப்பி வச்சா போதாதா?

முடிந்தால் அதுதான் முதல் வழி. கத்தி வெட்டியது போலச் சுத்தமாக அறுந்த விரலைத் திரும்பப் பொருத்தலாம். துண்டை ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வைத்துக் கொண்டுவர வேண்டும். ஐஸ் நேராகத் துண்டின்மேல் பட்டால் திசு உறைந்து வீணாகிவிடும். நம் ஊரில் அதிகம் நடக்கும் தவறு இதுதான்.

பிரஸ்ஸில் நசுங்கியது, மெஷின் பிய்த்து இழுத்தது, பட்டாசில் சிதறியது, துண்டே கிடைக்காமல் போனது ஆகியவற்றில் திரும்பப் பொருத்த ஒன்றும் மிஞ்சாது. அப்போதுதான் கால் விரல் பேச்சுக்கு வருகிறது.

இது புதுசா வந்த ஆபரேஷனா?

இல்லை. 1890களின் இறுதியில் ஆஸ்திரியாவில் நிக்கோலடோனி என்ற அறுவை மருத்துவர் கையையும் காலையும் வாரக்கணக்கில் சேர்த்துக் கட்டிவைத்து, தோல் வழியே இரத்தம் ஊறிய பிறகு விரலைக் காலிலிருந்து துண்டித்தார். நோயாளி அந்த வாரங்கள் முழுக்கக் குனிந்தே கிடக்க வேண்டும். மைக்ராஸ்கோப்பின் கீழ் மெல்லிய குழாய்களைத் தைக்கும் திறமை 1960களில்தான் வந்தது. அமெரிக்காவில் ஹாரி பங்கி குரங்குகளில் செய்து காட்டினார். 1966இல் ஷாங்காயில் யாங் தோங்யுவே மனிதருக்கு இரண்டாம் கால் விரலையும், 1968இல் இங்கிலாந்தில் காப்பெட் கால் கட்டைவிரலையும் ஒரே அமர்வில் மாற்றினார்கள். பிறகு தைவானின் ஃபூ-சான் வெய் இந்த முறையை வெகுவாகச் செம்மைப்படுத்தினார்.

தமிழ்நாட்டில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனித்துறை இருக்கிறது. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையும் கை அறுவை சிகிச்சைக்குப் பெயர்பெற்றது.

எனக்குச் சுண்டுவிரல் மட்டும்தான் போச்சு. எனக்கும் செய்வாங்களா?

பெரும்பாலும் வேண்டாம் என்பார்கள், சரியான பதில்தான். கட்டைவிரலும் இன்னும் மூன்று நல்ல விரல்களும் இருந்தால் கை தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். அதற்காகக் காலில் கை வைப்பது லாபமில்லை.

கட்டைவிரல் கதை வேறு. கையின் பயனில் சுமார் 40 சதவீதம் அதற்கென்று கணக்கிடுவது வழக்கம். அது இல்லாவிட்டால் மற்ற நாலு விரலும் எதிராள் இல்லாமல் நிற்கும். கட்டைவிரல் பாதிக்கு மேல் போனவர்களுக்கும், கட்டைவிரல் மட்டும் மிஞ்சி மற்ற நாலும் போனவர்களுக்கும்தான் இந்தச் சிகிச்சை முழுப் பலன் தரும். நகத்தளவு மட்டும் போயிருந்தால் மீதி நீளமே பெரும்பாலான வேலைக்குப் போதும்.

கட்டைவிரலுக்கு எந்தக் கால் விரலை எடுப்பாங்க?

நாலு வழி இருக்கிறது. கால் கட்டைவிரலை அப்படியே எடுக்கலாம். கை கட்டைவிரல் போலவே இதற்கும் இரண்டே கணு, பெரிய நகம், அகன்ற நுனிச்சதை. பிடி மிக உறுதியாக இருக்கும். குறை: கை கட்டைவிரலைவிடப் பருமன், கொஞ்சம் "தடியாக" தெரியும்.

அதைச் சீவி எடுப்பது இரண்டாவது. விரலின் உட்பக்கத்துத் தோலில் ஒரு பட்டையைக் காலிலேயே விட்டுவிட்டு, எலும்பை மூட்டருகே 4 முதல் 6 மி.மீ., தண்டில் 2 முதல் 4 மி.மீ. இழைத்து, மற்றக் கையின் கட்டைவிரல் அளவுக்குக் கொண்டுவருவார்கள். மூட்டு ஓரளவு ஆடும், தோற்றமும் நன்றாக இருக்கும். மூன்றாவதில் கால் கட்டைவிரலின் தோலையும் நகத்தையும் மட்டும் உறை போல உரித்து, இடுப்பெலும்புத் துண்டின்மேல் சுற்றுவார்கள். பார்வைக்கு இதுதான் அழகு, ஆனால் நுனி மூட்டு மடங்காது. உள்ளே வைத்த எலும்பு காலப்போக்கில் கரையவும் கூடும்.

நாலாவது, மெட்டி போடும் இரண்டாம் விரல். காலுக்குச் சேதம் இதில்தான் குறைவு. தேவைப்பட்டால் பாதத்து எலும்பையும் சேர்த்து நீளமாக எடுக்கலாம். ஆனால் மெலிந்தது, மூன்று கணு, நுனி உருண்டை, நாளடைவில் கொக்கி போல வளையும் குணம் உண்டு. கனமான வேலை செய்கிறவருக்குச் சீவிய கட்டைவிரலே நல்ல தேர்வு என்பது எங்கள் கருத்து. நடனம், ஓட்டம் என்று காலை நம்பிப் பிழைக்கிறவர் இரண்டாம் விரலைக் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

வலது கைக்கு வலது கால் விரலா, இடதா?

கட்டைவிரலுக்குப் பெரும்பாலும் அதே பக்கம். பாதத்தையும் கையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வலது கால் கட்டைவிரலில் இரண்டாம் விரலைத் தொடும் பக்கம், கைக்கு வரும்போது ஆட்காட்டி விரலைப் பார்க்கும் பக்கமாக அமையும். ஊசி, சாவி, நாணயம் எல்லாவற்றையும் பிடிப்பது அந்தப் பக்கத்தால்தான். முக்கியமான தமனியும் அந்தப் பக்கமே வருவதால் மணிக்கட்டுத் தமனியோடு இணைக்க வசதி.

கால் கட்டைவிரலை எடுத்துட்டா எப்படி நடக்கறது?

நடக்கலாம். மாடி ஏறலாம், சைக்கிள் மிதிக்கலாம். அடி எடுத்து வைக்கும்போது கடைசி உந்து கட்டைவிரலின் அடி மூட்டிலிருந்து வருகிறது. அதனால் அந்த மூட்டைத் தொடாமல், விரலின் அடி எலும்பில் சுமார் 1 செ.மீ. மீதி விட்டுத்தான் எடுக்க வேண்டும். இது மீறக் கூடாத வரம்பு. மீறினால் எடை இரண்டாம் விரலின் அடிக்கு நகர்ந்து அங்கே ஆணியும் வலியும் வரும்.

தொல்லை வருவது செருப்பில்தான். ஹவாய் செருப்பின் வாரைக் கவ்விப் பிடிப்பது கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையிலான இடுக்கு. கட்டைவிரல் போனால் அந்தச் செருப்பு நடையில் கழன்று கழன்று போகும். குதிகாலைச் சுற்றிப் பட்டை உள்ள செருப்புக்கு மாறிவிடுவது நல்லது. இரண்டாம் விரலை எடுத்தவர்களுக்கு, பாதத்து எலும்பில் ஒரு பகுதியையும் நீக்கி ஒன்றாம், மூன்றாம் விரல்களை நெருக்கித் தைத்திருப்பார்கள். தூரத்திலிருந்து பார்ப்பவர் விரல்களை எண்ணினால்தான் கண்டுபிடிப்பார்.

ஒரே காலில் கட்டைவிரலையும் இரண்டாம் விரலையும் சேர்த்து எடுப்பதற்கு மட்டும் அவசரப்பட்டுச் சம்மதிக்காதீர்கள். உந்தும் போகும், பாதம் குறுகும், காயம் ஆறவும் நாளாகும்.

கல்யாணமான பொண்ணு சார், மெட்டி விரலை எடுத்துட்டா சொந்தக்காரங்க என்ன சொல்வாங்க?

இந்தக் கேள்வியைச் சிரித்து ஒதுக்கும் மருத்துவர்கள் உண்டு. ஒதுக்கக் கூடாது. பலருக்கு முடிவே இங்கேதான் நிற்கிறது. அந்தக் காலில் மூன்றாம் விரலுக்கு மெட்டியை மாற்றிப் போடலாம், அளவு சிறிதாக்கினால் போதும். தையல் முழுக்க ஆறி, வீக்கம் வடிந்த பிறகுதான் போட வேண்டும். அறுவை சிகிச்சை அன்று இரண்டு காலிலும் மெட்டியைக் கழற்றியே ஆக வேண்டும். முதல் நாளே வீட்டில் சோப்பு போட்டுக் கழற்றிவிட்டால் ஆஸ்பத்திரியில் வெட்டி எடுக்க வேண்டி வராது.

விபத்து நடந்த உடனே செஞ்சிடணுமா?

அவசரம் கிடையாது. அன்றைய வேலை புண்ணைச் சுத்தம் செய்து மூடுவதுதான். புண் ஆறி, வீக்கம் வடிந்து, மற்ற மூட்டுகள் ஆடத் தொடங்கியபின், பொதுவாக மூன்று மாதம் கழித்துச் செய்கிறார்கள். வருடங்கள் கழித்தும் செய்யலாம்.

ஆனால் பின்னால் வரப்போகும் பலனின் பாதி அந்த முதல் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. தோல் போதவில்லை என்று எலும்பை நறுக்கி நீளத்தைக் குறைத்து மூடிவிட்டால், இழந்த அரை அங்குலம் திரும்பாது. தோல் வேண்டுமானால் தொடை இடுக்கிலிருந்து மடலாக (இரத்த ஓட்டத்தோடு கூடிய தோல் துண்டாக) எடுத்து மூடலாம். மூட்டையும் தசைநாணையும் நீளத்தையும் காப்பாற்றச் சொல்லி முதல் மருத்துவரிடமே கேளுங்கள்.

ஆபரேஷனுக்கு முன்னாடி என்னென்ன பார்ப்பாங்க?

கைக்கும் காலுக்கும் எக்ஸ்ரே, இரத்த ஓட்டத்துக்கு டாப்ளர் என்ற ஒலி அலைச் சோதனை, கை பலமாக நசுங்கியிருந்தால் இரத்தக் குழாய்களைப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராம். சர்க்கரை இருந்தாலே முடியாது என்றில்லை. குழாய்கள் கெட்டிருந்தால்தான் சிக்கல்.

பீடி, சிகரெட்டைக் குறைந்தது ஒரு மாதம் முன்பே நிறுத்த வேண்டும், பிறகும் தொடக் கூடாது. நிகோட்டின் இந்தச் சின்னக் குழாய்களை இறுக்கிவிடும். புகைப்பதால் கால் விரல் கறுக்கும் பர்ஜர் நோய் உள்ளவருக்கு இது செய்ய மாட்டார்கள். "நாலு நாளாச்சு, ஒண்ணே ஒண்ணு" என்று பாத்ரூமில் இழுத்த பீடியால் விரலே போகலாம்.

எத்தனை மணி நேரம் ஆகும்? உள்ளே என்னதான் செய்வாங்க?

6 முதல் 8 மணி நேரம். இரண்டு குழுக்கள் ஒரே நேரத்தில் வேலை செய்யும். ஒன்று கையைத் திறந்து, பழைய தழும்புக்குள் ஒளிந்திருக்கும் தசைநாண்களையும் நரம்பு முனைகளையும் தேடி நூல் கட்டி வைக்கும். மற்றது காலில் விரலிடுக்கைத் திறந்து, அங்கிருக்கும் தமனியைப் பின்னோக்கித் தொடரும். சிலருக்கு இந்தத் தமனி பாதத்தின் மேல்பக்கம் ஓடும், சிலருக்கு எலும்புகளுக்கு நடுவே ஆழத்தில், சிலருக்கு மேலே நூலளவு மெலிந்து அடிப்பக்கத் தமனியே பெரிதாக இருக்கும். எது என்று இடுக்கைத் திறந்த பிறகே உறுதியாகத் தெரியும். அதனால்தான் மேலிருந்து வராமல் இடுக்கிலிருந்தே தொடங்குகிறார்கள்.

பொருத்தும் வரிசை: முதலில் எலும்பு, கம்பியாலோ தகட்டாலோ. அடுத்து தசைநாண்கள், நீட்டுவதும் மடக்குவதும். பிறகு நரம்புகள். கடைசியாக மைக்ராஸ்கோப்பின் கீழ் தமனியும் சிரையும். 1 முதல் 2 மி.மீ. குழாய்க்கு 10-0 நைலான் நூல். தலைமுடியைவிட மெலிந்தது, மேசையில் கீழே விழுந்தால் கண்ணுக்கு அகப்படாது. தோலை இழுத்து மூடக் கூடாது. இறுக்கம் வந்தால் சிரை நசுங்கும், அதனால் இடைவெளியில் தொடைத் தோலை ஒட்டி மூடுவார்கள்.

வார்டுல மணிக்கொரு தடவை விரலை அமுக்கி அமுக்கிப் பார்க்கறாங்களே, ஏன்?

இரத்தம் உறைந்து குழாய் அடைத்தால் முதல் இரண்டு மூன்று நாளில்தான் அடைக்கும். நகத்துக்குப் பக்கத்தில் அமுக்கிவிட்டால் வெளுத்த இடம் சுமார் 2 விநாடியில் சிவக்க வேண்டும். விரல் வெளுத்து, சில்லிட்டு, நுனி சுருங்கி, சிவக்க நேரமானால் தமனி அடைப்பு: இரத்தம் உள்ளே வரவில்லை. நீலம் பாரித்து, உப்பி, அமுக்கியதும் சட்டென்று சிவந்து, ஊசியால் குத்தினால் கறுப்பாக வழிந்தால் சிரை அடைப்பு: வந்த இரத்தம் வெளியே போகவில்லை.

எதுவானாலும் முதலில் கட்டைத் தளர்த்திப் பார்ப்பார்கள், சரியாகாவிட்டால் உடனே தியேட்டர். சில மணி நேரத்துக்குள் திறந்து அடைப்பை எடுத்துவிட்டால் பெரும்பாலும் விரல் பிழைத்துவிடும். கூட இருப்பவர் இரவில் நிறம் மாறுவதைப் பார்த்தால் நர்ஸை எழுப்பத் தயங்க வேண்டாம். அறையில் ஏசி கூடாது. விசிறியும் நேராகக் கையில் அடிக்கக் கூடாது.

அதையும் மீறி விரல் கறுத்துட்டா?

எடுத்துவிட வேண்டியதுதான். கை முன்பிருந்த நிலைக்குத் திரும்பும், காலில் ஒரு விரல் நஷ்டம். இன்னொரு காலிலிருந்து மறுபடி முயலலாம், ஆனால் முதல் தடவை ஏன் அடைத்தது என்று தெரியாமல் இறங்கக் கூடாது. கையெழுத்துப் போடும் முன் இதை வீட்டாரிடம் வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும்.

எப்ப ஆட்டலாம்? உணர்ச்சி எப்ப வரும்?

முதல் சில நாள் ஓய்வு. பிறகு தெரபிஸ்ட் கையால் மெதுவாக ஆட்டுவார். எலும்பு பிடித்து, சுமார் ஐந்தாறு வாரத்தில் கம்பி எடுத்ததும் நீங்களே முயன்று ஆட்டலாம். ஏழெட்டு வாரத்தில் டம்ளர், சீப்பு, பட்டன். அதற்குப் பிறகு வேலைக்கான பயிற்சி. தெரபியை விட்டால் தசைநாண் தழும்போடு ஒட்டிக்கொள்ளும், விரல் கட்டையாக நிற்கும். சிலருக்குத் தெரபி ஒழுங்காகச் செய்தும் ஒட்டும். ஆறு மாதம் வாக்கில் அதை விடுவிக்க ஒரு சின்ன அறுவை சிகிச்சை தேவைப்படலாம். அது தோல்வி அல்ல.

நரம்பு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மி.மீ. வளரும். மூன்று முதல் ஆறு மாதத்தில் சூடு, வலி தெரியத் தொடங்கும். நுட்பமான உணர்ச்சிக்கு ஒன்றிரண்டு வருடம். சாதாரண விரல் நுனி 3 முதல் 5 மி.மீ. இடைவெளியில் உள்ள இரண்டு முனைகளைப் பிரித்தறியும். மாற்றிய விரலுக்கு இது 10 மி.மீ. அளவில் நிற்கும். காலில் இருந்தபோது அந்த விரலுக்கு இவ்வளவு கூடத் தெரிந்திருக்காது. வீட்டுப் பயிற்சிக்கு ஒரு டப்பா அரிசியில் புளியங்கொட்டை, ஒரு ரூபாய் நாணயம், பட்டன் போட்டு, கண்ணை மூடித் துழாவி எடுக்கப் பழகுங்கள்.

நாலு விரலும் போச்சு, கட்டைவிரல் மட்டும் இருக்கு. எத்தனை விரல் வைப்பாங்க?

பக்கத்து பக்கத்தில் இரண்டு. கட்டைவிரலோடு இரண்டு விரல் சேர்ந்தால் பேனா பிடிக்கும் மூன்று விரல் பிடி கிடைத்துவிடும். ஒரே காலின் இரண்டாம், மூன்றாம் விரல்களை ஒரே தமனியோடு ஜோடியாக எடுக்கலாம். கட்டைவிரலும் போயிருந்தால், ஒரு காலிலிருந்து சீவிய கட்டைவிரலும் மறு காலிலிருந்து ஜோடி விரல்களும் வரும். ஐந்தும் வேண்டும் என்று கேட்காதீர்கள். அதற்குக் கால்கள் கொடுக்கும் விலை அதிகம்.

ஆட்காட்டி விரலையே கட்டைவிரலா மாத்தலாம்னு வேற டாக்டர் சொல்றாரே?

அவர் சொல்வது தவறில்லை. மணிக்கட்டை ஒட்டிய கட்டைவிரலின் அடி மூட்டே இல்லாவிட்டால், கால் விரலை வைத்தாலும் அது சுழலாமல் கம்பம் போல நிற்கும். அப்போது ஆட்காட்டி விரலை இடம் மாற்றுவதே மேல். அடி மூட்டும் அதை அசைக்கும் தசைகளும் நன்றாக இருந்து, மற்ற நாலு விரலும் முழுசாக இருந்தால், ஐந்தை நாலாக்காமல் கால் விரலை வைப்பது நல்லது. ஆட்காட்டி விரலும் பாதி நசுங்கியிருந்தால் அதையே பயன்படுத்திக்கொள்ளலாம். எக்ஸ்ரேயில் அந்த அடி மூட்டை அவரிடமே காட்டிக் கேளுங்கள்.

சிலிக்கான் விரல் வாங்கி மாட்டலாமா என்றும் கேட்கிறார்கள். விசேஷத்துக்குப் போட்டுக்கொள்ளலாம். தொடு உணர்ச்சி கிடையாது, பிடிக்கவும் பெரிதாக உதவாது.

என் பையனுக்குப் பிறவியிலேயே விரல் இல்லை. வெச்சா அவனோட சேர்ந்து வளருமா?

வளரும். எலும்பின் வளர்ச்சித் தட்டும் விரலோடு சேர்ந்தே வருவதால், பையனோடு அதுவும் நீளும். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் இரண்டாம் விரலையே எடுப்பார்கள். பிறவிக் குறையில் உள்ளே தசைநாணும் நரம்பும் இருக்கின்றனவா என்பதைப் பொறுத்தே பலன். கருப்பையில் நார் இறுக்கி விரல் போன குழந்தைக்கு அடிப்பகுதியில் எல்லாம் ஒழுங்காக இருக்கும், அதனால் நல்ல பலன் கிடைக்கும். விரல்களே உருவாகாத கையில் அசைவு குறைவாகத்தான் வரும்.

நஷ்ட ஈட்டுக்கு கால் விரல் போனதும் கணக்குல வருமா?

2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1923ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில், சம்பாதிக்கும் திறனின் இழப்பு கை கட்டைவிரலுக்கு 30 சதவீதம், ஒரு கையின் நாலு விரலுக்கு 50, கால் கட்டைவிரல் அடியோடு போனால் 14 என்று இருந்தது. சிகிச்சைக்காக எடுத்த கால் விரல் பற்றி வழக்கில் வாதம் எழும். அதனால் டிஸ்சார்ஜ் சம்மரியில் "இந்த வேலைக் காயத்தைச் சரிசெய்யவே கால் விரல் எடுக்கப்பட்டது" என்று தெளிவாக எழுதி வாங்குங்கள். அறுவை சிகிச்சைக்கு முந்தைய கை, கால் படங்களையும் எக்ஸ்ரேயையும் பத்திரப்படுத்துங்கள். இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உள்ளவர்கள் விபத்து அறிக்கையை முதலாளி அனுப்பினாரா என்று முதல் வாரத்திலேயே பார்த்துவிட வேண்டும்.

மறுபடி பிரஸ்லயே வேலைக்குப் போகலாமா?

எலும்பு முழுக்கச் சேர்ந்து, மேலே சொன்னபடி சூடும் வலியும் தெரிந்த பிறகு போகலாம். பெரும்பாலோருக்கு நாலு முதல் ஆறு மாதம். அதற்குமுன் போனால் கொதிக்கும் உலோகத்தைத் தொட்டும் தெரியாமல் நிற்பீர்கள், கொப்புளத்தைப் பார்த்த பிறகே தெரியும். முதல் ஒன்றிரண்டு வருடம் குளிரில் விரல் விறைத்து வலிக்கும். ஐஸ் ஃபேக்டரி, குளிர்சாதனக் கிடங்கு வேலையைத் தள்ளிப்போடுங்கள், மார்கழி விடியலில் பைக் ஓட்டினால் கையுறை போடுங்கள். பிரஸ்ஸுக்குத் திரும்பும் முன், இரண்டு கையாலும் பட்டனை அழுத்தினால் மட்டுமே இறங்கும் அமைப்பு அந்த மெஷினில் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு உட்காருங்கள்.